மூடப்படுகிறது என்று ஒரு வார்த்தை

இயேசு சபைக் குருக்கள் நடத்தும் அந்தப் பல்கலைக்கழகத்தில் கெட்டது எதுவும் நடந்ததாகச் சரித்திரமே கிடையாது. விடுதிக் கூரை ஒழுகினால், மாணவர்கள் எளிமையை நெருங்கி அனுபவித்தார்கள். பேராசிரியர் ஒருவர் துறைத்தலைவரின் மேஜையில் சாவிக்கொத்தை வீசிவிட்டுப் போனால், அவர் ஒரு புதிய அழைப்புக்குச் செவிசாய்த்தார். நூலகத்து லிஃப்ட் மாதக்கணக்கில் செத்துக் கிடந்தால், படிக்கட்டுகளில் நம்முடைய சந்திப்புகள் பெருகியுள்ளன. இவையெல்லாம் வியாழக்கிழமைதோறும் ‘நம் இல்லச் செய்தி’ என்ற பெயரில் எல்லாருடைய மின்னஞ்சலுக்கும் போகும். அறிவிப்புப் பலகைகளிலும் ஏறும். வேந்தர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் அதைப் படித்து மனம் நிறைந்து, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள காபி மெஷின் பக்கம் போவார்கள்.

இந்தச் செய்தியைத் தயாரிப்பவரைக் கத்திரி என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், அமைச்சரின் பேச்சு ஒரு முழம் நீளத்துக்கு வந்தால் இரண்டு விரற்கடைக்கு வெட்டிவிடுவார். அதில் அமைச்சர் சொன்னது எல்லாமே இருக்கும். அந்தப் பத்திரிகை படுத்ததும் பல்கலைக்கழகம் அவரைச் செய்திப் பிரிவில் சேர்த்துக்கொண்டது, கத்திரியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு. இங்கே அவர் வெட்டுவதில்லை. மற்றவர்கள் பூசுவார்கள், மெழுகுவார்கள். அவர் தட்டச்சு செய்வார்.

ஒரு நாள் காலையில் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஃபாதர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மெல்லிய மனிதர், அதைவிட மெல்லிய குரல். அவர் யாரையும் திட்டி யாரும் கேட்டதில்லை. அவர் என்ன சொல்கிறார் என்பதையே பாதிப் பேர் கேட்டதில்லை.

"காப்பகம் இருக்கற கட்டடத்துல ஒரு செவிமடுத்தல் மையம் வரப்போகுது," என்றார். "மனுஷங்க அமைதியா உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கேக்கறதுக்கு ஒரு இடம்."

"அப்ப குழந்தைங்க, ஃபாதர்?"

"அதான் விஷயம். குழந்தைங்க இருந்தா ஒண்ணும் காதுல விழாது."

ஆசிரியர்கள், அலுவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று எல்லாருடைய பிள்ளைகளும் பகலில் இருக்கும் இடம் அந்தக் காப்பகம். அது எங்கே மாறுகிறது என்று கத்திரி கேட்டார்.

"எங்கயும் மாறல. இந்த மாசத்தோட முடியுது."

"அங்க வேலை பாக்கறவங்க?"

"அவங்களோட நாம உடன்பயணிப்போம்."

எதுவரைக்கும், வாசல் கேட் வரைக்குமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கத்திரி அதை மென்று முழுங்கினார். "ஃபாதர், அந்தக் காப்பகத்துக்குப் பொறுப்பு என் வீட்டுக்காரி."

"தெரியும். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். அடுத்த வியாழக்கிழமை செய்தி வர்ற வரைக்கும் அவங்களுக்குக்கூடத் தெரியக்கூடாது. ஒருத்தருக்கு மட்டும் முன்கூட்டித் தெரிஞ்சா அது மத்தவங்களுக்குச் செய்ற அநியாயம். நாம ஒரு குடும்பம். எல்லாரும் ஒண்ணாதான் கேக்கணும்." தலைவர் ஃபாதர் புன்னகைத்தார். "இந்த விதியைக் கொண்டுவந்ததே நீங்கதானே?"

நிஜம்தான். சேர்ந்த புதிதில், எந்தச் செய்தியும் தன் கைக்கு வரும் முன்பே காபி மெஷினுக்குப் போய்விடுகிறது என்று கத்திரி குதித்தார். இல்லச் செய்தியில் வரும் முன் யாரும் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்து, ஒப்புதலும் வாங்கினார். பத்திரிகைக்காரன் வீம்பு. அது இப்படி வட்டம் போட்டுத் தன் வீட்டு வாசலிலேயே வந்து உட்காரும் என்று அவர் கண்டாரா என்ன?

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். காப்பகத்தில் அவளைப் பெரிய மிஸ் என்பார்கள். அங்கே பேசிப் பேசி, வீட்டிலும் அவள் எதையும் ஒருமுறைதான் சொல்வாள், கேட்காதவர் பாடு.

"என்னங்க, அந்த ஸ்கூல்காரம்மா மறுபடி போன் பண்ணாங்க."

நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு மழலையர் பள்ளி. அதை நடத்தும் அம்மாள், பெரிய மிஸ்ஸைத் தலைமை ஆசிரியையாக இழுத்துக்கொள்ள ரொம்ப நாளாகவே வலை வீசிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"இந்தத் தடவை கறாரா கேட்டுட்டாங்க. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வரேன் வரலைன்னு சொல்லணுமாம். இல்லன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்களாம்."

"போயேன்," என்றார் கத்திரி, சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே.

"என்ன போயேன்? ஏதோ கடைக்குப் போயேன்னு சொல்ற மாதிரி சொல்றீங்க?" அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். "ஒண்ணுமில்லாத இடத்துல இருந்து நான் கட்டி வளர்த்தது அது. இன்னொரு ரூம் குடுங்கன்னு வருஷக்கணக்கா மல்லுக்கட்டிட்டு இருக்கேன். தூங்கற பிள்ளைங்களையும் விளையாடற பிள்ளைங்களையும் ஒரே ரூம்ல வச்சுக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப அதை அம்போன்னு விட்டுட்டு ஓடச் சொல்றீங்களா?"

"ஓடச் சொல்லல. வியாழக்கிழமை வரைக்கும் அவங்களுக்கு எந்தப் பதிலும் சொல்லாதன்னு சொல்றேன்."

"வியாழக்கிழமை என்ன?"

"இல்லச் செய்தி வரும்."

பெரிய மிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க இல்லச் செய்தியைப் படிச்சு இதுவரைக்கும் யாராவது எதையாவது தெரிஞ்சுக்கிட்டிருக்காங்களா?"

கத்திரிக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கணக்கு அவருக்கு இருந்தது. வியாழக்கிழமை காலையில் பளிச்சென்று ஒரே ஒரு வாக்கியம் வரும்: காப்பகம் மூடப்படுகிறது. படித்ததும் அவள் கொதிப்பாள், அழுவாள், அவரையும் நாலு வார்த்தை கேட்பாள். கேட்கட்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்காரம்மாவுக்கு வரேன் என்று சொல்லிவிடுவாள். விதியும் மீறப்படாது, வேலையும் போகாது. தான் எழுதிய வாக்கியம் தன் கையை விட்டு எப்படிப் போகிறதோ அப்படியே வந்து சேரும் என்று நம்பிய கடைசிப் பத்திரிகைக்காரர் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை வட்டம் கூடியது.

வட்டம் என்பது இல்லச் செய்தியைச் சரிபார்க்கும் குழு. ஆனால் சரிபார்ப்பது என்று சொல்லக்கூடாது. தெளிந்து தேர்வது என்று சொல்ல வேண்டும். இயேசு சபையில் எந்த முடிவுக்கும் அதுதான் வழி. ஒரு விஷயத்தை மனதில் ஏந்தி அமைதியாக இருப்பார்கள். உள்ளே ஆறுதல் பிறந்தால் அது கடவுள் காட்டும் பாதை, வறட்சி பிறந்தால் யோசிக்க வேண்டும். பெரிய பெரிய ஆன்மாக்கள் வாழ்க்கையையே இப்படித் திருப்பிக்கொண்டதாகச் சொல்வார்கள். இங்கே அதை வைத்து வினைச்சொற்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

வட்டமான மேஜை. நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. தலைவர் ஃபாதர், பல்கலைக்கழக வக்கீல், ஓய்வு பெற்ற பழைய ஃபாதர் ஒருவர், பிறகு நோக்கம் மேடம். நோக்கம் மேடத்தின் பதவி, நோக்கம் மற்றும் அடையாளத் துறை இயக்குநர். அந்தத் துறை என்ன செய்கிறது என்பது அதன் நோக்கத்திலும் இல்லை, அடையாளத்திலும் இல்லை. ஆனால் அவர் கைபடாமல் ஒரு வரி வெளியே போகாது.

கத்திரி படித்தார்: "குழந்தைகள் காப்பகம் இம்மாத இறுதியுடன் மூடப்படுகிறது."

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மெழுகுவர்த்தி மட்டும் விழித்திருந்தது.

"எனக்கு," என்றார் நோக்கம் மேடம், கண்ணைத் திறக்காமலே, "அந்தக் கடைசி வார்த்தை வந்ததும் உள்ள ஒரு வறட்சி."

"எனக்கும்தான் மேடம்," என்றார் கத்திரி. "மூடறாங்கல்ல, அதனால."

"வறட்சியில இருக்கறப்ப ஒரு வார்த்தையை முடிவு பண்ணக்கூடாது சார். அது சபை நிறுவனரோட விதி. ‘நிறைவு பெறுகிறது’ன்னா எப்படி இருக்கும்?"

மறுபடி கண்ணை மூடினார்கள். இந்த முறை வக்கீல் முதலில் திறந்தார். "நிறைவுன்னா ஏதோ ஒப்பந்தம் முடிஞ்ச மாதிரி ஆகுது. நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போனா மாட்டிக்குவோம். முடியறதுங்கற அர்த்தமே வரக்கூடாது."

"முடியுதே சார்!"

"முடியறது வேற. நாம சொல்றது வேற."

அதுவரை குறட்டைக்கும் தியானத்துக்கும் நடுவே எங்கேயோ இருந்த பழைய ஃபாதர் திடீரென்று நிமிர்ந்தார். "மூடறதை மூடறதுன்னு போட்டா என்னப்பா? தெளிவாத்தானே இருக்கு?"

கத்திரிக்கு எழுந்து போய் அவர் காலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பழைய ஃபாதர் மேலும் சொன்னார்: "அதோட, என் கறுப்புக் குடையைக் காணோம். அதையும் போட்டுடு." சொன்னவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். காப்பகம் அவர் மனதில் இருந்து குடையோடு போய்விட்டது.

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனால் அது எந்தக் கோலத்தில் திரும்பி வருமோ அந்தக் கோலத்தில் வந்தது. ‘மூடப்படுகிறது’ போய் ‘உருமாறுகிறது’ வந்தது. அதுவும் போய் ‘தன் தற்போதைய வடிவைக் கடந்து செல்கிறது’ வந்தது. ‘செவிமடுத்தல் மையம்’ கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று வெறும் ‘பரந்த வெளி’ ஆயிற்று. தலைப்பு, ‘அன்பின் பயணத்தில் அடுத்த அடி’. படம் வேண்டும் என்றார் நோக்கம் மேடம். பெரிய மிஸ் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரிக்கும் படம் ஒன்று இருக்கிறதே, அது போதும்.

"ஃபாதர்," என்றார் கத்திரி. குரலை அடக்கியதில் கழுத்து நரம்பு தெறித்தது. "இதைப் படிச்சா காப்பகத்தை மூடறாங்கன்னு ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது."

"நம்ம மக்களைக் குறைச்சு எடை போடாதீங்க. அவங்க நல்லெண்ணத்தோட படிப்பாங்க."

அதுதான் கத்திரியின் பயமே. பிறர் சொல்வதை முடிந்தவரை நல்ல அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சபை நிறுவனர் சொல்லிவைத்த பழக்கம். பல்கலைக்கழகத்தில் சேருகிற எவருக்கும் முதல் வாரமே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு அறையிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். நல்ல பழக்கம்தான். நல்ல வார்த்தையைக் கெட்டதாக எடுத்துக்கொண்டு அடித்துக்கொள்ளும் ஊரில் தேவையான பழக்கமும்கூட. ஆனால் ஏற்கெனவே சர்க்கரையில் ஊறிய வார்த்தையை இன்னும் நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

அவருக்குக் கடைசியில் கிடைத்தது ‘இம்மாத இறுதியில்’ என்ற இரண்டு வார்த்தை. அதை விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்று வாங்கினார். அவள் கெட்டிக்காரி, அதைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை இல்லச் செய்தி போயிற்று.

முதல் பதில் பௌதிகப் பேராசிரியரிடமிருந்து: மனமார்ந்த வாழ்த்துகள், பரந்த வெளி திறந்ததும் தன் இரண்டாவது குழந்தைக்கும் ஓர் இடம் வேண்டும். அடுத்தது பழைய மாணவர் சங்கத்திலிருந்து: புதிய காப்பகத்துக்குச் சறுக்குமரமும் ஊஞ்சலும் தர விரும்புகிறோம். அதன் பிறகு கடகடவென்று. நூலகம் வாழ்த்தியது, விடுதி வாழ்த்தியது, கணக்குப் பிரிவு வாழ்த்தியது. காப்பகத்தைக் காலி செய்யப்போகும் கட்டடப் பிரிவே கைகூப்பும் படம் போட்டு வாழ்த்தியது. கத்திரி தலையைப் பிய்த்துக்கொண்டார்.

அந்த இதழில் தெளிவாக இருந்தது ஒரே ஒரு செய்திதான்: ‘கறுப்புக் குடை காணவில்லை. கண்டால் பழைய ஃபாதரிடம் தரவும்.’ வட்டத்தில் யாருக்கும் அதில் வறட்சி தட்டவில்லை. மதியத்துக்குள் பழைய ஃபாதரின் அறையில் ஒரு கட்டுக் குடை சேர்ந்துவிட்டது.

பதினோரு மணிவாக்கில் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க! இதுக்குத்தான் வியாழக்கிழமை வியாழக்கிழமைன்னு இழுத்தீங்களா?" குரலில் அப்படி ஒரு துள்ளல். கல்யாணமான புதிதில் கேட்ட துள்ளல். "அமுக்கமா இருந்துட்டீங்களே! பரந்த வெளியாம்ல! நான் கேட்டது ஒரு ரூம்தானே?"

"இல்லம்மா, அதை நீ கொஞ்சம் திருப்பிப் படி..."

"படிச்சேன், மூணு தரம் படிச்சேன். ஆயாம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன். அவங்க அழுதுட்டாங்க. என் படத்தை வேற போட்டிருக்காங்க, முடி மட்டும் பறக்குது. சொல்லியிருந்தா சீவிக்கிட்டு நின்னிருப்பேன்."

"இம்மாத இறுதியில்னு இருக்கே, அதைப் பாத்தியா?"

"பாத்தேனே! இவ்வளவு சீக்கிரமான்னு ஆச்சரியமா இருந்துச்சு. கேளுங்க, அந்த ஸ்கூல்காரம்மாவுக்கு இப்பதான் போன் பண்ணேன். மன்னிச்சுக்குங்க, என்னால வர முடியாது, எனக்கு இங்கயே பெரிய வேலை வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். பாவம், எதுக்கு நாளைக்கு வரைக்கும் அவங்களைக் காக்க வைக்கணும்? சரி வைக்கிறேன், இங்க ஒருத்தன் சுண்ணாம்பை நக்கறான்."

போன் வைக்கப்பட்டது.

வேறு ஒருவராக இருந்தால் நேரே காப்பகத்துக்கு ஓடியிருப்பார். கத்திரி தலைவர் ஃபாதரின் அறைக்கு ஓடினார், தன் மனைவியிடம் உண்மையைச் சொல்ல அனுமதி கேட்க. எந்த இடத்தில் நீண்ட நாள் வேலை பார்க்கிறோமோ அந்த இடத்து நோய் நமக்கும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமா?

தலைவர் ஃபாதர் வாழ்த்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா? எவ்வளவு ஆறுதல்!"

"ஃபாதர், யாருக்கும் புரியல. காப்பகம் பெரிசாகுதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

"அவங்களுக்குள்ள ஒரு எதிர்பார்ப்பு பிறந்திருக்கு. அதை நாம மதிக்கணும்."

"என் வீட்டுக்காரி வந்த வேலையை வேண்டாம்னு சொல்லிட்டா, ஃபாதர்! இதை நம்பி!"

தலைவர் ஃபாதரின் கண்கள் கசிந்தன. நடிப்பு இல்லை. அந்த மனிதர் பொய்யே சொல்லமாட்டார், அதுதான் அவரிடம் பேசுவதில் உள்ள கஷ்டம். "நம்ம மேல எவ்வளவு நம்பிக்கை பாருங்க," என்றார்.

"அவகிட்டயாவது இப்ப சொல்லிடறேன்."

"அவசரப்பட வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை வட்டத்துல வைங்க. ஒரு விளக்கம் தர்றதுக்கு அழைப்பு இருக்கான்னு சேர்ந்து கேப்போம்."

வட்டத்தில் வைப்பதா? ஒரு விளக்கத்தை அந்த மேஜையில் வைத்தால் அது எந்த வடிவைக் கடந்து எங்கே செல்லும் என்று கத்திரிக்குத் தெரியாதா? அவர் எழுந்தார். வாசலில், சட்டம் போட்டு மாட்டியிருந்த நல்லெண்ணம் தலையில் இடித்தது.

காப்பகத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் தூங்கும் நேரம். திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். அறை முழுக்கப் பாய்கள். பாய்களில் குறுக்கும் நெடுக்குமாகப் பிள்ளைகள். ஒருத்தி தன் செருப்பைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். ஈரத் துணி வாசமும் பால் வாசமும் கலந்து அடித்தது. மூலையில் முழங்கால் உயர நாற்காலி ஒன்றில் பெரிய மிஸ் உட்கார்ந்து, ஒரு தாளில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்து, பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

கத்திரி அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன.

"இங்க தூங்கற ரூம்," என்று அவள் கிசுகிசுத்தாள், கட்டத்தைக் காட்டி. "இங்க விளையாடறது. நடுவுல கண்ணாடி வச்சா ரெண்டு பக்கமும் பாத்துக்கலாம்."

"மூடறாங்க," என்றார் கத்திரி.

"எதை?"

"இதை. காப்பகத்தை. இந்த மாசக் கடைசியில. பெரிசு பண்ணல, மாத்தல, மூடறாங்க. இங்க வேற ஒண்ணு வருது."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "விளையாடாதீங்க. அதுல அப்படி எங்க போட்டிருக்கு?"

"அதுல அப்படித்தான் போட்டிருக்கு. புரியாத மாதிரி போட்டிருக்கு."

"யாரு போட்டது?"

"நாங்க."

பென்சில் தாளின் மேல் நின்றது. "உங்களுக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"போன வாரத்துல இருந்து. நீ அந்த ஸ்கூலைப் பத்திச் சொன்னியே, அன்னிக்குக் காலையில சொன்னாங்க."

வேறு எந்த இடமாக இருந்தாலும் அவள் கத்தியிருப்பாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்று கத்திரியும் ஆசைப்பட்டார். ஆனால் பாய்களில் அத்தனை பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் சிவந்து, கழுத்து சிவந்து, மூச்சு மட்டும் வேகமாக வந்தது. வார்த்தைகள் காற்றாக வெளியே வந்தன.

"கரண்டியோட நின்னுக்கிட்டு உங்ககிட்ட கேட்டேனே. ஒரு வார்த்தை. போயிடு, இங்க ஒண்ணும் இருக்காதுன்னு ஒரு வார்த்தை."

"போயேன்னு சொன்னேனே."

"அது ஒரு சொல்லா? பித்தானைப் பாத்துக்கிட்டு!"

"விதி இருக்கு. எல்லாரும் ஒண்ணாதான்..."

"நான் எல்லாரும் இல்ல!" அது கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. ஒரு பிள்ளை புரண்டு சிணுங்கியது. அவள் உட்கார்ந்தபடியே கையை நீட்டி அதன் முதுகைத் தட்டினாள். தட்டிக்கொண்டே, அதே தாளத்தில், கிசுகிசுத்தாள்: "உங்களை நான் இப்ப எந்த நல்ல அர்த்தத்துல எடுத்துக்கணும்? சொல்லுங்க. நீங்கதான் எழுதறவராச்சே."

அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதைச் சொன்னாலும் அது எடுபடாது.

பிள்ளை அடங்கியதும் அவள் எழுந்து, கட்டம் போட்ட தாளைக் கசக்காமல் மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். வெளியே தாழ்வாரத்துக்குப் போய்ப் பள்ளிக்காரம்மாவுக்குப் போன் போட்டாள். கத்திரி கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவளுடைய பாதியை மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா, காலையில சொன்னேன்தான்... தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்... ஓ. அப்படியா. அதுக்குள்ளயா?... இல்ல இல்ல, உங்க மேல தப்பே இல்ல." மறுமுனை ஏதோ சொல்லிக்கொண்டே போயிற்று. "யாரு? அவங்களா? எனக்குத் தெரியும், நான்தான் அவங்களுக்கு இந்த வேலையே பழக்கினேன்... பரவால்லம்மா. சின்ன கிளாஸ்னாலும் பரவால்ல. வரேன்."

திரும்பி வந்தாள். "காலையில நான் வேண்டாம்னு சொன்னதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. என்கிட்ட உதவியாளா இருந்துச்சே ஒரு பொண்ணு, அதுதான் இப்ப ஹெட்மிஸ்ட்ரஸ். அவளுக்குக் கீழ எனக்கு ஒரு கிளாஸ் தராங்களாம்."

"வேற எடம் பாக்கலாமே, கொஞ்சம் பொறுத்து..."

"உங்ககிட்ட நான் யோசனை கேக்கல."

சாயங்காலம் மணி அடித்ததும் பெற்றோர்கள் வரத் தொடங்கினார்கள். வழக்கமாக ஓட்டமும் நடையுமாக வந்து, பிள்ளையை அள்ளிக்கொண்டு போகிறவர்கள். அன்று எல்லாருக்கும் நின்று பேச நேரம் இருந்தது. ஒரு அம்மா பூங்கொத்தோடு வந்தாள். "பெரிய மிஸ், வாழ்த்துகள்! உங்க உழைப்புக்குக் கிடைச்சது!"

பெரிய மிஸ் பூங்கொத்தை வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற கணவரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, வாசற்படியில் நிறுத்தினாள். "இவர்தான் செய்திப் பிரிவு. செய்தியை இவர் சொல்வார்." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டத் தொடங்கினாள்.

கத்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "காப்பகத்தை மூடறாங்க."

"சரி, மூடிட்டு எங்க தொறக்கறீங்க?"

"எங்கயும் தொறக்கல."

"அதாவது, வேலை முடியற வரைக்குமா?"

"வேலையே அதுதாங்க. மூடறதுதான் வேலை."

பூங்கொத்து மெல்லக் கீழே இறங்கியது. அடுத்து பௌதிகப் பேராசிரியர் வந்தார். அவருக்கு ஐந்து விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாலையும் அவர் நல்ல அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டார், ஐந்தாவதுதான் ஏறியது. ஏறியதும் அவர் கத்திய கத்தலில் மரத்திலிருந்த பறவைகள் கிளம்பின. துப்புரவுப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு ஒரே தடவையில் புரிந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான் எங்கங்க விடுவேன்?" என்றாள், பதிலை எதிர்பார்க்காமல், நடந்துகொண்டே. கத்திரி இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். ஒரு செய்தி ஒருவர் முகத்தில் போய் இறங்குவதைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஒவ்வொருத்தருக்கும் சொன்னார். சொல்லச் சொல்ல வாக்கியம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ‘மூடறாங்க’ மட்டும் மிஞ்சியது.

கூட்டம் கரைந்த பிறகு நோக்கம் மேடம் வந்தார், கைப்பையும் மடிக்கணினியுமாக, மூச்சு வாங்க. அவருடைய மகனும் இங்கேதான் இருந்தான். பாட்டிலைக் கவிழ்த்துப் படியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன சார், வெளியில எல்லாரும் ஒரு மாதிரி போறாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

"மூடறோம்னு சொன்னேன்."

"வட்டத்துல தேர்ந்த வாசகம் இருக்கே சார்! அதை மீறி நீங்க தனியா..."

"மீறினேன். நாளைக்கு என்மேல நடவடிக்கை எடுங்க. நல்லாத் தெளிஞ்சு தேர்ந்து எடுங்க."

நோக்கம் மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகன் அவர் சேலையை ஈரக் கையால் பிடித்து இழுத்தான். அவர் அவனைத் தூக்கிக்கொண்டார். தூக்கியதும் அவர் முகத்தில் ஏதோ மாறியது. குரலைத் தாழ்த்தினார்.

"சார்... அடுத்த மாசம் இவனை நான் எங்க விடறது?"

கத்திரி அவரை உற்றுப் பார்த்தார். "மேடம், மூடறது உங்களுக்குத் தெரியுமே. எழுதினதே நீங்கதானே?"

"தெரியும்," என்றார் அவர். "தெரியாம இல்ல. ஆனா எழுத எழுத, பெரிசா ஏதோ வரப்போகுதுன்னு எனக்கே தோணிடுச்சு. நம்ம பிள்ளைங்களுக்கும் அதுல ஏதாவது இருக்கும்னு..."

உள்ளேயிருந்து பெரிய மிஸ் வந்து, பையனின் பையை மேடத்தின் தோளில் மாட்டினாள். "ரெண்டு நாளா இருமறான். வெந்நீர் குடுங்க," என்றாள். குரலில் காட்டம் இல்லை. அது அவள் வேலை. இந்த மாசக் கடைசி வரை அவள் வேலை. பிறகு கதவைப் பூட்டினாள். கணவரின் சட்டைப் பையில் கையை விட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணாம் தேதியில இருந்து வண்டி எனக்கு வேணும். அந்த ஸ்கூல் ஊர்க்கோடியில இருக்கு," என்றாள். "இன்னிக்கும் எனக்குத்தான். நீங்க பஸ்ஸுல வாங்க."

வண்டி கிளம்பிப் போயிற்று. கத்திரி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். பின்னால் நோக்கம் மேடம், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாருக்கோ போன் போட்டு, "இல்லம்மா, மூடறாங்க... மூடறாங்கம்மா..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் இருந்தவருக்கு அது புரியவில்லை போலிருக்கிறது.